செக்கருக்கு ஒரு வேண்டுகோள்

மூன்றாவது முறையும் சிவப்புப் பெருக்கல் குறிதான் வந்தது. அதன் கீழே ஒரு குறிப்பு: "வரி 14. இடைவெளி தவறு."

"இடைவெளியாம் இடைவெளி! கண்ணுக்கே தெரியாத ஒண்ணுல தப்பு கண்டுபிடிக்குது பாரு," என்று ஆளில்லாத ஆபீசைப் பார்த்துச் சொன்னான் வெங்கட்ராகவன்.

தஞ்சாவூரில் ஒரு மாடியில் இயங்கிய அந்தச் சின்னக் கம்பெனி, விவசாயிகள் அறுப்பு மெஷினுக்குப் பதிவு செய்வதற்கென்று போனில் ஓர் ஆப் நடத்தியது. எந்த மெஷின் எந்த ஊருக்கு, ஓட்டுவது யார் என்பதெல்லாம் ஒரு கான்ஃபிக் ஃபைலில் இருக்கும். அதில் ஒரு புள்ளியை மாற்றினாலும், கோட் எல்லாவற்றையும் வைத்திருக்கும் இணைய ரெப்போவில் ஏற்ற வேண்டும். அங்கே 'செக்கர்' என்ற பெயரில் ஒரு புரோகிராம் அந்த ஃபைலைச் சரிபார்க்கும். அது பச்சை டிக் போட்டால்தான் மாற்றம் ஆப்பில் வரும். செக்கர் தமிழில்தான் பேச வேண்டும் என்பது முதலாளி சாரங்கபாணியின் ஆசை.

முதலாளியும் உடன் வேலை செய்யும் பர்வினும் காலையிலேயே குத்தாலத்துக்குப் போய்விட்டார்கள். அங்கே குறுவை அறுப்பு. புதிதாகச் சேர்ந்த மெஷின்களை ஃபைலில் ஏற்றும் வேலை வெங்கட்ராகவன் தலையில் விழுந்தது. அவனை வேலையில் நிரந்தரமாக்குவதா வேண்டாமா என்று முதலாளி அந்த வாரம்தான் முடிவு செய்ய இருந்தார்.

போன் அடித்தது. பர்வின்.

"வெங்கட், என்னாச்சு? மெஷினுக்குப் பதிவு பண்ணின சிங்காரவேலு ஐயா வரப்புலயே நிக்கறாரு. மேக்கால கறுத்துக்கிட்டு வருது. கதிரெல்லாம் சாஞ்சு கெடக்கு."

"ஒரே ஒரு ஸ்பேஸ்தான் பர்வின். இதோ முடிஞ்சுது."

டேப் பட்டனை ஒரு தட்டுத் தட்டி வரியை நேராக்கி ஏற்றினான். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது.

"வரி 14 முதல் 40 வரை தவறு. டேப் பட்டனைத் தொடாதீர்கள்."

ஒன்று இருபத்தேழாகிவிட்டது. டேப்பை எல்லாம் ஒரே அடியாகத் தூக்கிவிடுவோம் என்று 'அனைத்தையும் மாற்று' என்பதை அழுத்தினான். அதில் என்ன கோளாறு செய்தானோ, வரிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. ஒட்டியதைப் பிரித்து ஏற்றினான்.

"ஒரே மெஷின் குத்தாலத்திலும் திருமணஞ்சேரியிலும் ஒரே நேரத்தில் நிற்கிறது. மெஷினா, எங்கும் நிறைந்த இறைவனா?"

வெங்கட்ராகவன் வாயைப் பிளந்தான். இப்போதெல்லாம் புரோகிராம்கள் நக்கலும் அடிக்கின்றனவா? கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஃபைலுக்குக் கீழே கருத்து எழுதும் இடத்தில் தட்டினான்:

"ஏய் தகர டப்பா, உனக்கு வேற வேலையே கிடையாதா?"

"இதுதான் வேலை. வரி 22-ஐப் பார்க்கவும்."

இனி நேர்வழி உதவாது என்று தோன்றியது. செக்கர் எந்த விதிகளை வைத்துச் சரிபார்க்கிறதோ, அந்த விதிகள் இருந்த ஃபைலையே அழித்துவிட்டான். விதியே இல்லையென்றால் தப்பு ஏது?

"விதிகள் இருந்த ஃபைலைக் காணோம். எடுத்தவர் மரியாதையாகத் திருப்பி வைக்கவும்."

திருப்பி வைத்தான். இரண்டு ஊரில் நின்ற மெஷினையும் ஓர் ஊரில் நிறுத்தினான்; வரி 22 மட்டும் இன்னும் சிவப்பாகவே இருந்தது. மறுபடியும் பர்வின்.

"வெங்கட், இங்க தூத்தல் போட ஆரம்பிச்சிருச்சு. 'ஆப்பும் வேணாம், ஒண்ணும் வேணாம், ஆளை விட்டு அறுத்துக்கிறேன்'னு சிங்காரவேலு ஐயா கெளம்பறாரு."

"அவரை எப்படியாவது பிடிச்சு வைங்க, பர்வின்!"

போனை வைத்தான். இதுவரை ஆப்பை நம்பாத ஊரில் முதன்முதலாக நம்பி நின்ற மனிதர். அவர் நெல் நனைந்தால் அது தன்னால்தான். வெட்கத்தை விட்டுவிட்டு எழுதினான்:

"செக்கரே, உன்னைத் திட்டினது தப்புதான். கால்ல விழறேன். அங்க ஒருத்தரோட நெல்லு நனையப் போகுது. எங்க முதலாளிக்குக் கதை விடத் தெரியுமே தவிர, ஃபைலுக்குத் தலை எது வால் எதுன்னு தெரியாது. மீட்டிங்னா அரை மணி நேரம் பேசுவார், அதுல அரை விஷயம்கூட இருக்காது. அவர்கிட்ட உதவி கேக்கறதும் ஒண்ணுதான், சுவத்துல முட்டிக்கறதும் ஒண்ணுதான். எனக்கு உன்னை விட்டா யாரும் இல்லை. என்ன தப்புன்னு நீயே சொல்லிடு."

இந்த முறை பதில் வரச் சற்று நேரமாயிற்று.

"கருத்து பதிவு செய்யப்பட்டது. வரி 22-இல் போன் எண்ணைச் சுற்றி மேற்கோள் குறி போடவும். இல்லாவிட்டால் முன்னால் இருக்கும் பூஜ்யம் காணாமல் போகும். டிரைவருக்குப் போன் போகாது."

போட்டான். ஏற்றினான். மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

பச்சை டிக்.

நாற்காலியை விட்டு எழுந்து ஒரு குதி குதித்தான். டீ வாங்கி வந்து ஆறவிட்டுக் குடித்துவிட்டு, பர்வினைக் கூப்பிட்டான். எடுத்தது கார் டிரைவர் ஆஸிம்.

"பர்வின் அக்கா வயக்காட்டுல நிக்கறாங்க சார். மெஷின் எறங்கிடுச்சு. தூத்தலும் நின்னுபோச்சு. பாதி அறுத்தாச்சு. சிங்காரவேலு ஐயா முகத்துல இப்பத்தான் சிரிப்பைப் பார்க்கறேன்."

வெங்கட்ராகவனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. "எல்லாம் அந்த செக்கரோட புண்ணியம், ஆஸிம். நான் என்னென்னமோ எழுதினேன். கொஞ்சம்கூடக் கோச்சுக்காம கடைசி வரைக்கும் கூட நின்னுச்சு. மெஷின்னா அதுதான் மெஷின்!"

"அது காலையிலேயே படுத்துடுச்சே சார், உங்களுக்குத் தெரியாதா?" என்றான் ஆஸிம். "அதோட பேர்ல நம்ம முதலாளிதான் கார் பின்சீட்ல லேப்டாப்போட உக்காந்து, ஒண்ணொண்ணா படிச்சுப் பதில் போட்டுக்கிட்டிருந்தாரு."