சின்னராசுவுக்கு ஒரு அரை டிக்கெட்

குண்டானவன் பொய் சொன்னால் ஒளிந்துகொள்ள இடம் கிடைக்காது. இதை நான் இரத்மலானை விமான நிலையத்தில், இருநூற்று ஐம்பது இறாத்தல் எடையோடு நின்று கற்றுக்கொண்டேன்.

அப்போது நான் பூண்டுலோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. கொழுந்தை நிறுத்துப் பேர் போடுவது என் வேலை. சொன்ன இறாத்தல் எடுத்தவளுக்கு முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதி நாள்தான் வேலை செய்தாள் என்று கணக்கு. அரைப்பேர் போடுவதில் எனக்கு இணை கிடையாது. (என் பென்சிலைக் கண்டாலே பாதிப் பெண்கள் மாரியம்மனைக் கும்பிடுவார்கள்.)

கல்யாணமாகி மூன்றாம் வருஷம், என் மனைவி ராஜத்தின் தங்கைக்குத் திருச்சியில் கல்யாணம் வந்தது. தோட்டத்துத் துரை கொடுத்த லீவோ நாலே நாள். ரயிலும் கப்பலும் ஏறினால் எச்சில் இலை எடுக்கத்தான் போய்ச் சேருவோம். ஆகவே பிளேன். ஏற்கெனவே பறந்திருந்த கடைக்கார பாய் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, அந்த சீட்டில் நான் உட்காரலாம், எழுந்திருப்பதுதான் கஷ்டம் என்றார்.

கொழும்பில் டிக்கெட் எடுக்கப் போன இடத்தில் என் தோட்டத்து மூளை வேலை செய்தது. பாதி வேலைக்கு அரைப்பேர் உண்டென்றால், ஒன்றரை உடம்புக்கு ஒன்றரைப் பேர் போடுவதுதானே நியாயம்? அரை டிக்கெட் பிள்ளைகளுக்கு மட்டும்தான் என்றார் கிளார்க். பிள்ளைக்குத்தான் என்றேன். பெயர்? சின்னராசு. வயது? எட்டு. (பொய் என்று வந்த பிறகு வயதில் என்ன கஞ்சத்தனம்?) மூன்று சீட்டும் அடுத்தடுத்துக் கிடைத்தன. ராஜத்திடம் மூச்சு விடவில்லை.

விமான நிலையத்தில் பெட்டிகளோடு ஆட்களையும் தராசில் ஏற்றினார்கள். நான் ஏறி நின்றதும் அதிகாரி பட்டியலைப் பார்த்து, உங்கள் மகன் சின்னராசு எங்கே என்று கேட்டார்.

ராஜம் திரும்பினாள். எங்களுக்கு அப்போது பிள்ளையே இல்லை.

"யாருங்க சின்னராசு?"

"அது வந்து..."

"எத்தன வயசு?"

எட்டு என்று அதிகாரியே வாசித்துச் சொன்னார். மூன்று வருஷக் கல்யாணத்தில் எட்டு வயது மகன். கணக்கு அவளுக்கும் தெரியும். அவள் கண்ணில் நீர் முட்டியது. நான் நிஜமாகவே பயந்துபோனேன். அதற்குள் பிள்ளை தொலைந்துவிட்டதாக நினைத்து இரண்டு சிப்பந்திகள் கக்கூஸ் வரை போய் சின்னராசுவைக் கூவிக் கூவித் தேடினார்கள். ராஜம் தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டாள்.

"நான் எங்கயும் வரல. நீங்க ஒங்க மகனத் தேடிப் புடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போங்க."

மச்சினி கல்யாணத்தோடு என் கல்யாணமும் போகப்போகிறது என்று புரிந்தது. தராசின் மேல் நின்றபடியே என் வயிற்றைத் தொட்டுக் காட்டினேன்.

"இதுதான் ராஜம், சின்னராசு."

வரிசை முழுவதும் சிரித்தது. ராஜம் கடைசியாகத்தான் சிரிக்கத் தொடங்கினாள், ஆனால் திருச்சி வரை நிறுத்தவில்லை. இல்லாத பிள்ளைக்கு எதற்குச் சீட்டு என்று, அதை அங்கே காத்திருந்த ஒரு வியாபாரிக்குக் கொடுத்துவிட்டார்கள். அவர் என்னைவிட இருபது இறாத்தல் கூட.

தோட்டத்துக்குத் திரும்பிய இரண்டாம் நாள், கொழுந்து நிறுக்கும் இடத்தில், பறிக்கிற பெண்களில் ஒருத்தியான மீனாச்சியின் கூடை நாலு இறாத்தல் குறைந்தது. அரைப்பேர் என்றேன். அவள் தலைத்துண்டைச் சரிசெய்தபடி அமைதியாகச் சொன்னாள்.

"போடுங்க ஐயா. மத்த அரைக்கு சின்னராச எழுதிக்கிங்க. அவரு சும்மாதான இருக்காரு."

(தொழிலாளர்கள் குடியிருக்கும் லயம் லயமாக ராஜம் கதையைப் பரப்பியிருந்தாள்.) முழுப்பேர் போட்டேன். அதன்பிறகு என் பென்சிலுக்குப் பழைய துணிவு வரவேயில்லை.

பின்னால் எங்களுக்கு மூன்று பிள்ளைகள் பிறந்தார்கள். ஆனாலும் வீட்டுக்கு மூத்தவன் சின்னராசுதான் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. இன்றும் நான் ஐந்தாவது தோசைக்குத் தட்டை நீட்டினால், ராஜம் கரண்டியோடு நின்று கேட்பாள்:

"இது ஒங்களுக்கா, மூத்தவனுக்கா?"