கப்பலூரில் ரசாயனங்களுக்கு ஜாதகம் பார்த்த கதை

வைரஸ் வந்து கம்ப்யூட்டர் போய்விட்டது என்று யாராவது சொன்னால் எனக்குப் பொறாமையாக இருக்கும். என்ன கௌரவமான காரணம்! நான் ஒரு தொழிற்சாலையின் கம்ப்யூட்டரைச் சந்தனம் வைத்து ஒழித்தவன். மேலே குங்குமமும் வைத்தேன்.

எண்பதுகளின் கடைசி. வேதியியல் பட்டத்தை எப்படியோ தாண்டிவிட்டு, மதுரையில் ஒரு மாடியில் கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்திருந்தேன். (பாதி நாள் கரண்ட் இருக்காது. கம்ப்யூட்டரைக் கரும்பலகையில் வரைந்து காட்டினார்கள்.) அம்மாவின் தம்பி, எழுமலையில் பருத்தி போட்டுக்கொண்டிருந்தவர், நிலத்தை அடமானம் வைத்து கப்பலூர் தொழிற்பேட்டையில் மரச்சாமான் பாலிஷ் தயாரிக்கும் சின்ன ஆலை ஒன்றைத் தொடங்கியிருந்தார். பாலிஷுக்கு உயிர் ஸ்பிரிட். அதைக் குடிக்கிற ஆட்களும் ஊரில் உண்டு என்பதால், ஸ்பிரிட் வைத்திருக்க வருடா வருடம் அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும். அனுமதி இல்லையென்றால் ஆலை ஓடாது. ஆலை ஓடாவிட்டால் நிலம் திரும்பாது.

மற்ற ரசாயனங்களுக்கும் ஆளுக்கொரு சட்டம் இருந்தது. எது விஷம், எதற்கு எந்த ஆபீஸில் லைசென்ஸ், எவ்வளவு இருப்பு வைக்கலாம், எதை இறக்குமதி செய்யக்கூடாது, பம்பாயில் என்ன விலை என்பதெல்லாம் வீங்கிப்போன ஃபைல்களில் கிடந்தன. மாமா ஒன்றைத் தேடினால் இன்னொன்று கிடைக்கும்.

"பேரைத் தட்டினாப் போதும் மாமா, அதோட ஜாதகமே திரையில வந்துரும்" என்றேன். அந்த வாக்கியத்தை வாபஸ் வாங்க இன்றைக்கும் தயாராக இருக்கிறேன்.

மாமா நம்பினார். கம்ப்யூட்டர் வந்தது. பலகைத் தடுப்பு போட்டு ஏசி அறை வந்தது. செருப்பைக் கழற்றாமல் உள்ளே வந்தவர்களை நான் துரத்தினேன். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டருக்குச் சொந்தமாக ஞாபகசக்தி கிடையாது. எல்லாம் ஃபிளாப்பியில்தான். கறுப்பு உறைக்குள் மெல்லிய வட்டத்தகடு. உறையின் நடுவே நீளவாக்கில் ஒரு திறப்பு. அதன் வழியாகத்தான் இயந்திரம் தகட்டைத் தொட்டுப் படிக்கும். கோர்ஸில் நான் கற்ற உருப்படியான விஷயங்கள் இரண்டு: அந்தத் திறப்பில் விரல் படக்கூடாது; எப்போதும் ஒரு நகல் வைத்துக்கொள்ள வேண்டும். அசலுக்குச் செய்வதையெல்லாம் நகலுக்கும் செய்ய வேண்டும்.

நானே ஒரு புரோகிராம் எழுதி, ஃபைல்களில் இருந்ததையெல்லாம் தட்டி ஏற்றி முடித்து மாமாவுக்குச் செய்து காட்டினேன். டர்பன்டைன் என்று தட்டியதும் கம்ப்யூட்டர் நெடுநேரம் முனகிவிட்டு, போன வருடத்து விலையைச் சொன்னது.

"பம்பாய்க்கு ட்ரங்க் கால் இதைவிட வெரசா வந்துரும் மாப்ள" என்றார் மாமா. பிறகு விளையாட்டாகத் தண்ணீரைக் கேட்கச் சொன்னார். தண்ணீர் கொடிய விஷம், இறக்குமதிக்குத் தடை என்று வந்தது. (பட்டியலில் இல்லாத பெயரைக் கேட்டால் கடைசியில் இருக்கும் ரசாயனத்தின் விவரத்தை அது காட்டிவிடும். என் புரோகிராமில் சின்னக் கோளாறு.)

ஆயுத பூஜை வந்தது. ஆலையைக் கழுவிச் சுத்தம் செய்தபோது ஃபைல்களை என்ன செய்வது என்று மாமா கேட்டார். இனி எதற்கு இந்தக் குப்பை என்று நானே பழைய பேப்பர்காரரைக் கூப்பிட்டு எடை போட்டேன். பீப்பாய்க்கு, தராசுக்கு, வேனுக்கு எல்லாம் சந்தனம், குங்குமம் வைத்தாயிற்று. மாமா கம்ப்யூட்டர் திரைக்கு ஒரு பொட்டு வைத்தார். படித்தவனான நான் யோசித்தேன். திரை வெறும் முகம். அறிவு இருப்பது ஃபிளாப்பியில். அதற்கல்லவா வைக்க வேண்டும்? ஃபிளாப்பிக்கு நெற்றி எது என்று பார்த்தேன். நடுவே அந்தத் திறப்பு, அதற்கென்றே அளவெடுத்தது போல இருந்தது.

விரல் படக்கூடாது என்பது நன்றாக ஞாபகம் இருந்தது. ஆகவே வெற்றிலைக் காம்பால் வைத்தேன்.

நகலுக்கும் வைத்தேன்.

பூஜையில் வைத்ததை அன்றைக்குத் தொடக்கூடாது. மறுநாள் விஜயதசமிக்கு எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். (போட்டுப் பார்த்திருக்கலாம். ராகுகாலம்.) அதற்கடுத்த நாள் காலையில் அனுமதியைப் புதுப்பிக்க அதிகாரி வந்துவிட்டார்.

மாமா அவரை வாசலிலேயே மடக்கினார். "பேப்பருங்கிற பேச்சே கிடையாது சார். அம்புட்டும் உள்ள ஏறிருச்சு. மாப்ள, சாருக்குக் காட்டு."

அதிகாரி ஷூவைக் கழற்றிவிட்டு ஆவலாக வந்து உட்கார்ந்தார். ஃபிளாப்பியைச் செருகினேன். உள்ளே யாரோ அம்மியில் கொப்பரை அரைப்பது போல ஒரு சத்தம். படிக்க முடியவில்லை, மறுபடி முயல்கிறாயா, கைவிடுகிறாயா என்று திரை ஆங்கிலத்தில் கேட்டது. முயன்றேன். மறுபடியும் கேட்டது. நகலைப் போட்டேன். அதே அம்மி, அதே கேள்வி. வெளியே எடுத்தபோது தகட்டில் மஞ்சளாக ஒரு வளையம். அதிகாரி வாங்கி முகர்ந்து பார்த்தார்.

"ஜவ்வாது கலந்திருக்கோ?"

"ஆமா சார், நல்ல ஜவ்வாது" என்றார் மாமா, பழக்கதோஷத்தில்.

"சரி, பழைய ஃபைலையே குடுங்க. பாத்துட்டுப் போயிர்றேன்."

மாமா என்னைப் பார்த்தார். நான் ஏசியைப் பார்த்தேன். அது மட்டும் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது.

அந்த மனிதர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. பேப்பர் வரும் வரை ஸ்பிரிட்டைத் தொடக்கூடாது என்று மெதுவாகச் சொல்லி, பீப்பாய்களுக்கு சீல் வைத்துவிட்டு, ஷூவை மாட்டிக்கொண்டு போனார். ஆபீஸ் ஆபீஸாக அலைந்து எல்லாவற்றுக்கும் நகல் வாங்கி முடிப்பதற்குள் தீபாவளி போனது, பொங்கல் போனது, பாலிஷ் விற்கும் காலமே போனது. எழுமலையில் அடமானம் போக மிஞ்சியிருந்த, கிணற்றை ஒட்டிய நிலத்தை மாமா விற்றுத்தான் ஆலையை மறுபடி ஓட்டினார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் எதிரே உட்கார்ந்து சோற்றைப் பிசைந்த அந்த மாதங்களில், கம்ப்யூட்டர் சொன்னபடி தண்ணீர் நிஜமாகவே விஷமாக இருந்தால் தேவலை என்று எனக்குத் தோன்றியிருக்கிறது.

இன்றைக்கும் எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் என் கைக்குச் சந்தனக் கிண்ணம் வராது. போன முறை யாரோ தெரியாமல் நீட்டப்போக, "அப்பாட்ட குடுக்காதீங்க, வீடியோக்காரர் பக்கத்துல நிக்கிறாரு" என்று என் மகளே பிடுங்கிக்கொண்டாள். பந்தலே சிரித்தது. பக்கத்து நாற்காலியில் மாமா வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். இத்தனை வருடம் கழித்து அவரிடம் வாய்விட்டுச் சொன்னேன், எல்லாம் பக்தியில் செய்ததுதான் மாமா, சாமி இப்படிக் கைவிட்டுவிட்டதே என்று.

மாமா காம்பைக் கிள்ளி எறிந்தார்.

"கைவிடல மாப்ள. சாமி உன் புரோகிராமைப் படிச்சுப் பாத்திருக்கும்."