லிஸ்காரனில் ஏறியோர் எண்ணிக்கை

2023 மார்ச் 6, திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு, அயர்லாந்தின் மேற்குக் கரையில் உள்ள டன்மோரா வட்டார மன்றக் கூடத்தில் ஏழு உறுப்பினர்கள் கூடினார்கள். அன்றைய பொருள், வட்டாரச் சாலைகளிலும் பேருந்துகளிலும் எதை முதலில் கவனிப்பது என்பது.

பதினொன்றேகால் வரை இரங்கல் தீர்மானம் நடந்தது. போன மாதம் வட்டாரத்தில் பதினான்கு பேர் இறந்திருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஏழு பேரும் தனித்தனியாக வருத்தம் தெரிவித்தாக வேண்டும். எந்த வீட்டில் எத்தனை ஓட்டு என்பதைப் பொறுத்து வருத்தத்தின் நீளம் அமைந்தது.

மன்றச் செயலர் கோல்மன் பிரன்ட்டி கையில் ஒரு பட்டியலுடன் காத்திருந்தார்.

"தலைவரே, ஒரு சின்ன சிக்கல்," என்றார். "ஒவ்வொருத்தரும் பத்து வேலையை எழுதி, ஒண்ணுலேர்ந்து பத்து வரைக்கும் இடம் போடச் சொல்லியிருந்தேன். எல்லாரும் எல்லாத்துக்கும் ஒண்ணுன்னே போட்டிருக்கீங்க. இப்ப நம்மகிட்ட எழுபது முதலிடம் இருக்கு."

"அதுல என்ன சிக்கல்?" என்றார் கில்ஷானி உறுப்பினர் பாட்சி டெவானி. "நான் ரெண்டுன்னு போட்ட தெருவுல போய் அடுத்த தேர்தலுக்கு யார் நிக்கிறது, நீங்களா?"

"அந்த எழுபதுல எது ரொம்ப முக்கியம்னாவது சொல்லுங்க."

"எழுபதும்தான்."

எழுபதும் முதலிடமே என்ற தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

கோல்மனுக்கு அந்த எழுபதில் ஒன்றின் மீதுதான் கண். லிஸ்காரன் என்ற கிராமத்து நாற்சந்தி வழியாக டன்மோராவுக்கு ஒரு பஸ். அரசு ஊழியர் ஒரு பக்கம் சாயக்கூடாது என்பதால் வாயைத் திறக்காமல் இருந்தார். அந்தப் பஸ் மேல் கண் வைத்ததற்குக் காரணம் வீட்டில் இருந்தது. அவருடைய அப்பா மாலக்கி பிரன்ட்டிக்கு எண்பத்திரண்டு வயது; லிஸ்காரனில் தனியாக இருக்கிறார். ஜனவரியில் பாதிரியார் வீட்டு வேலியைச் சாலை என்று நினைத்துக் காரை உள்ளே விட்டார். கண் டாக்டர் அன்றே கார் ஓட்டக்கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். கார் சாவி இப்போது கோல்மனின் மேசை இழுப்பறையில். செவ்வாய்க்கிழமை கண் மருத்துவமனை, வெள்ளிக்கிழமை மாட்டுச் சந்தை, இரண்டுக்கும் கோல்மன்தான் விடுப்புப் போட்டு அழைத்துப் போக வேண்டும். மாலக்கியிடம் மாடு எதுவும் இல்லை. விற்று ஒன்பது வருடம் ஆகிறது. ஆனால் அடுத்தவன் மாடு என்ன விலைக்குப் போகிறது என்று தெரியாமல் அவரால் சனிக்கிழமையைக் கழிக்க முடியாது.

டிராக்டர் சாவி மட்டும் இன்னும் அவரிடமே இருந்தது.

"அதையும் குடுத்துருங்கப்பா," என்று கோல்மன் கேட்டிருந்தார்.

"பஸ் வரட்டும். என்னை ஏத்திக்கிட்டு டவுனுக்குப் போகட்டும். அன்னைக்கே தர்றேன். அதுவரைக்கும் நான் ஒண்ணும் மூலையில கிடக்க மாட்டேன்."

"மெயின் ரோட்டுல லாரி வருதுப்பா. உங்களுக்கு லாரி தெரியாது."

"லாரிக்கு என்னைத் தெரியுமில்ல?"

ஆகவே பஸ் வந்தாக வேண்டும்.

சாலைப் பொறியாளரிடம் போனார். "பஸ்ஸே போகாத ரோட்டை எதுக்கு அகலப்படுத்தணும்?" என்றார் பொறியாளர். பஸ் அலுவலகத்துக்குப் போனார். "அகலமே இல்லாத ரோட்டுல பஸ்ஸை எப்படி விடுறது?" என்றார்கள். இருவரும் ஒரே கட்டடத்தின் ஒரே மாடியில் இருந்தார்கள். மதியம் ஒரே மேசையில் சூப் குடித்தார்கள். இந்த விஷயத்தில் மட்டும் கடிதம் மூலமாகத்தான் பேசிக்கொள்வது என்று வைத்திருந்தார்கள்.

கோல்மன் இரண்டுக்கும் நடுவே ஒரு வழி கண்டுபிடித்தார். பத்தொன்பது இருக்கை கொண்ட சிறிய பஸ், அகலம் தேவையில்லை. ஆறு வாரச் சோதனை ஓட்டம், செவ்வாயும் வெள்ளியும், மொத்தம் பன்னிரண்டு நடை. ஏப்ரல் கூட்டத்தில் இதற்கு ஒப்புதல் கிடைத்தது. பாட்சி டெவானி ஒரு வரி சேர்த்தார்: பன்னிரண்டு நடையில் லிஸ்காரனில் அறுபது பேராவது ஏறாவிட்டால் பஸ் கில்ஷானிக்குப் போகும்.

"அறுபதா? அப்பா ஒருத்தரே பன்னிரண்டு," என்று கோல்மன் மனதுக்குள் கணக்குப் போட்டுச் சம்மதித்தார்.

நிறுத்தக் கம்பம் நடுவதற்குக் குழி தோண்ட வேண்டும். குழி சாலையோரத்தில் வருவதால் அது சாலைப்பணி. சாலைப்பணி என்றால் பட்டியலில் சேர்க்க வேண்டும். கம்பம் எழுபத்தோராவது முதலிடமாகச் சேர்ந்தது. கம்பம் வரும்வரை பயணிகள் நாற்சந்தியில் நின்று ஏறிக்கொள்ளலாம் என்று முடிவானது.

ஏப்ரல் 25, செவ்வாய். முதல் நடை. பத்தரை மணிக்கு டிக்கெட் இயந்திரத்தின் கணக்கு கோல்மனின் கணினிக்கு வந்தது. லிஸ்காரனில் ஏறியோர்: பூஜ்யம்.

அப்பாவுக்குப் போன் போட்டார்.

"பஸ் வந்துச்சாப்பா?"

"வந்துச்சு. சொன்ன நேரத்துக்கு வந்துச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் போச்சு."

"நீங்க வெளியில போய் நின்னீங்களா?"

"நிக்காம? ஒம்போதரைக்கே போயிட்டேன். அங்க நல்ல கூட்டம்டா."

"டிரைவர் ஏதாவது சரியில்லையா?"

"தங்கமான மனுஷன். அவரைப் பத்தி யாரும் ஒரு வார்த்தை சொல்லக்கூடாது." பிறகு, "நீ பதினோரு மணிக்கு வந்துருவ இல்ல? டாக்டர் காத்துக்கிட்டிருப்பாரு," என்றார்.

கோல்மன் அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார். டிராக்டர் சாவியைக் கொடுக்க மனமில்லாமல் கிழவர் வேண்டுமென்றே ஏறாமல் நிற்கிறார் என்பது அவருக்குச் சந்தேகமே இல்லாமல் தெரிந்தது. மற்றவர்கள் ஏன் ஏறவில்லை என்பதுதான் புரியவில்லை.

வெள்ளிக்கிழமையும் பூஜ்யம். மக்களுக்கு நேரம் சரியாகத் தெரியவில்லை என்று முடிவு செய்து துண்டறிக்கை அச்சடித்தார். அதில் தன் படம் இல்லை என்று பாட்சி டெவானி எழுத்து மூலம் ஆட்சேபித்தார். மறுபடி அச்சடித்ததில் அவர் படம் வந்தது. உடனே மற்ற ஆறு பேரும் ஆட்சேபித்தார்கள். மூன்றாம் அச்சில் ஏழு பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பஸ் எத்தனை மணிக்கு வரும் என்று போட இடம் இல்லை.

மூன்றாம் வாரம், பூஜ்யம். நான்காம் வாரம், பூஜ்யம்.

லிஸ்காரன் பகுதியின் உறுப்பினர் உனா கில்மார்ட்டின் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். "என் ஊர் மானம் போகுது கோல்மன். ஏதாவது பண்ணுங்க."

"ஜனங்ககிட்டயே கேட்டுருவோம் மேடம். வீடு வீடா ஒரு கேள்வித்தாள்."

"கேளுங்க. பதில் வந்தாப் போதும், பாட்சி வாயை மூடிருவாரு."

அறுபத்து நான்கு வீடுகளுக்குக் கேள்வித்தாள் போனது. அறுபத்தோரு வீடுகள் பதில் அனுப்பின. அந்த வட்டாரத்தில் வரி நோட்டீசுக்குக்கூட அப்படிப் பதில் வந்ததில்லை. பஸ் தேவையா? அறுபத்தொன்றும் ஆம். நேரத்துக்கு வருகிறதா? ஆம். ஓட்டுநர் நடத்தை? மிக நன்று. ஏதேனும் குறை? அறுபது தாள்களில் ஒன்றுமில்லை. அறுபத்தோராவது தாளில், மழைக்கு ஒதுங்க ஒரு கொட்டகை இருந்தால் பெரியவர்களுக்கு நல்லது என்று ஒருவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு எழுதியிருந்தார்.

கோல்மன் அந்தத் தாள்களை இரண்டு முறை புரட்டினார். யாரும் ஏறாத பஸ்ஸுக்கு எல்லாரும் முழு மதிப்பெண் கொடுத்திருந்தார்கள்.

தன் பங்குக்கு அவர் அந்தக் கொட்டகையையும் போட்டார். பெயர்த்து வைக்கக்கூடிய தகரக் கொட்டகை, குழி தேவையில்லை. உனா கில்மார்ட்டின் ரிப்பன் வெட்டினார். அடுத்த நடையிலும் பூஜ்யம். ஆனால் கொட்டகையில் உட்கார இடம் போதவில்லை என்று மாலக்கி சொன்னார்.

"இடம் போதலையா? அத்தனை பேரு வர்றாங்களா?"

"வராம? பதினோரு பேரு. பக்கத்து வீட்டு மார்கரட்டு ஒவ்வொரு தடவையும் பிளாஸ்க்ல டீ கொண்டாருவா."

"அப்ப ஏன்பா யாரும் ஏறல?"

"அவருக்கு என்ன அவசரமோ, பாவம்," என்றார் மாலக்கி. "நீ இதையெல்லாம் பெருசா எழுதி யார் வேலைக்கும் உலை வச்சிராத."

பேச்சை மாற்றுகிறார் என்று நினைத்து கோல்மன் போனை வைத்தார். அவருடைய அந்த வருட விடுப்பில் அரை நாள் மிச்சம் இருந்தது.

ஜூன் 12, திங்கள். இரங்கல் பன்னிரண்டு மணிக்கு முடிந்தது. உனா கில்மார்ட்டின் சாட்சி சொல்வதற்காக பஸ் டிரைவர் டெக்லன் ஃபீலியை வரச் சொல்லியிருந்தார். பருத்த உடம்பும் சாந்தமான முகமும் கொண்ட டெக்லன் கடைசி வரிசையில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆறு வாரம் அந்தச் சாலையைப் பார்த்த ஒரே மனிதர் அவர்தான் என்பதால் அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

"பன்னிரண்டு நடை. ஏறினது பூஜ்யம்," என்று பாட்சி டெவானி எழுந்தார். "திருப்தி நூத்துக்கு நூறு. இதுக்கு என்ன அர்த்தம் தலைவரே? அந்த ஊர் ஜனங்களுக்குப் பஸ்ல போக வேண்டாம். பஸ்ஸைப் பார்த்தாப் போதும். அதுக்கு ஒரு படம் வரைஞ்சு மாட்டிருவோம், செலவு கம்மி."

"பாட்சி, அவங்க எழுதிக் குடுத்திருக்காங்க," என்றார் உனா.

"எழுதுவாங்கம்மா. எழுதுறதுக்கு எங்கயும் போக வேண்டியதில்லையே."

"கோல்மன், உங்க அபிப்பிராயம் என்ன?" என்றார் தலைவர்.

கோல்மன் எழுந்தார். "எண்கள் பட்டியலில் உள்ளபடிதான் தலைவரே," என்று சொல்லி உட்கார்ந்தார்.

ஐந்துக்கு இரண்டு. பஸ் கில்ஷானிக்குப் போனது. பஸ் போகாததால் லிஸ்காரன் சாலையை அகலப்படுத்தும் வேலையும் நீக்கப்பட்டது. கொட்டகையைப் பெயர்த்து எடுக்கும் வேலை முதலிடத்தில் சேர்க்கப்பட்டது.

கோல்மன் நடைபாதைக்கு வந்து அப்பாவுக்குப் போன் போட்டார்.

"பஸ் போச்சுப்பா."

"தெரியும்டா. ஆறு வாரமா போறதைத்தான பாத்துக்கிட்டிருக்கேன்."

"டிராக்டர் சாவி எங்க இருக்கு?"

"வண்டியில. நாளைக்குக் கண் டாக்டர்கிட்ட போகணுமில்ல. நீ லீவு போட வேண்டாம்."

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது டெக்லன் எதிரே நின்றுகொண்டிருந்தார். பஸ்ஸின் பதிவேட்டை ஒப்படைக்க வந்திருந்தார். கோல்மன் கையெழுத்துப் போட்டார். பிறகு, இனி எதுவும் மாறப்போவதில்லை என்றாலும், கேட்டார்.

"ஒரே ஒரு விஷயம் சொல்லுங்க டெக்லன். லிஸ்காரன்ல நிஜமாவே யாருமே நிக்கலையா?"

"நிக்காம என்ன சார், ஒவ்வொரு நடையிலும் பதினோரு பேரு," என்றார் டெக்லன். "அவ்வளவு மரியாதை தெரிஞ்ச ஜனங்களை நான் எங்கயும் பார்த்ததில்ல. வண்டியைக் கண்டதும் எல்லாரும் கையைத் தூக்கி வணக்கம் வைப்பாங்க, நானும் ஒரு நாள் தவறாம திருப்பி வச்சேன். முன்னாடி நிக்கிற பெரியவர் ஒருத்தர், கண்ணு சரியாத் தெரியாது போல, சத்தம் கேட்டதுமே கைத்தடியத் தூக்கிருவாரு. அவருக்கு மட்டும் ஹாரனும் அடிச்சிட்டுத்தான் சார் போவேன்."