முதல்நிலைப் பொறியாளரின் பதவி நீக்கம்

திங்கட்கிழமை காலை ஒன்பதேகாலுக்கு, தன்னிடம் வேலையே பார்க்காத ஒருவரை வேலையை விட்டு நீக்க வேண்டிய நிலைமை வயர்காரருக்கு வந்தது.

வயர்காரர் என்பது தெரு வைத்த பெயர். எப்போது பார்த்தாலும் தோளில் ஒரு கேபிள் சுருளோடு போவார். தன் தொழிலைத் தெருவுக்குப் புரியவைக்க அவர் முயலாத நாளில்லை. "கெட்டுப்போன கம்ப்யூட்டரை ரிப்பேர் பண்றதில்லீங்க என் வேலை. கெட்டுப்போகாம பாத்துக்கறது. டாக்டருக்குக் காய்ச்சல் வந்தாத்தான் வருமானம். எனக்குக் காய்ச்சல் வராம இருந்தாத்தான் வருமானம்" என்பார். "அப்போ சும்மா உக்காந்திருக்கத்தான் சம்பளம்னு சொல்லுங்க" என்று தெரு சொல்லும்.

வீட்டின் பின்னறைதான் அலுவலகம். அங்கே மேசையின் மறுபாதியில் கணக்கு டீச்சரான அவர் மனைவி, விடுமுறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார்.

"ஏன் பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கீங்க?"

"முதல்நிலையை வேலையை விட்டுத் தூக்கச் சொல்லி மெயில் வந்திருக்கு."

"யாரு, நம்ம முதல்நிலையா? பாவம், அவருக்குச் சம்பளமே கிடையாதே!"

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். வயர்காரர் பார்த்துக்கொள்ளும் கம்ப்யூட்டர் ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன நிரல் உட்கார்ந்துகொண்டு, நிமிடத்துக்கு ஒரு தடவை "நான் நலம்" என்று அவருக்குத் தகவல் அனுப்பும். தகவல் நின்றால் அவர் திரையில் பச்சைப் புள்ளி சிவப்பாகும். இன்னொரு மென்பொருள் வாடிக்கையாளர்களின் புகார்களை வாங்கி, ஆளுக்கொரு டோக்கன் கொடுப்பதுபோல எண் போட்டு வைக்கும். புகார் தீரும்வரை அந்த எண் நகராது. இரண்டுமே திறமூல மென்பொருள்கள். அதாவது, யாரோ நல்லவர்கள் எழுதி, எப்படிச் செய்தோம் என்ற செய்முறையையும் சேர்த்துப் பொதுவில் வைத்துவிட்டார்கள். எடுக்கலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம், கேட்பாரில்லை.

விலைக்கு வாங்கும் மென்பொருளில் ஊழியர் தலைக்கு இவ்வளவு என்று மாதவாடகை உண்டு. இதில் தலைக்கணக்கு கிடையாது. "புதிய ஊழியரைச் சேர்" என்று ஒரு பொத்தான் மட்டும் இருந்தது. ஓசியில் கிடைத்தால் எனக்கொன்று எங்கப்பனுக்கொன்று என்பது மனித இயல்புதானே? வயர்காரர் அதை நான்கு முறை அழுத்தினார். முதல்நிலைப் பொறியாளர், இரண்டாம்நிலைப் பொறியாளர், பாதுகாப்புப் பிரிவு, சேவை மேலாளர் என்று நான்கு பேர் பிறந்தார்கள். ஒற்றை ஆள் கம்பெனி என்று தெரிந்தால் யார் நம்பி வேலை கொடுப்பார்கள்?

அவருடைய பெரிய வாடிக்கையாளர் ஒரு பிராணி மருத்துவமனை. போன வருடம் ஒரு விடுமுறை நாளில், கட்டடக் காவலாளி கதவைத் திறந்துவிட, அங்கிருந்த ஐந்து கம்ப்யூட்டர்களையும் அமைத்துவிட்டு வந்தார். அதன்பிறகு எல்லாம் வீட்டிலிருந்தபடியே. அங்கே யாரையும் நேரில் பார்த்ததில்லை. நிர்வாகப் பிரிவு என்றால் அடர்ந்த மீசை, கொள்முதல் பிரிவு என்றால் ஒட்டிய கன்னம் என்று அவராகவே உருவம் கொடுத்து வைத்திருந்தார்.

அந்த மீசைதான் இன்று எழுதியிருந்தது: "சனிக்கிழமை எக்ஸ்ரே கம்ப்யூட்டர் நின்றபோது, உங்கள் முதல்நிலைப் பொறியாளர் 'அணைத்துவிட்டுப் போடவும்' என்று இரண்டே சொல்லில் அலட்சியமாகப் பதில் அனுப்பினார். அவரை நீக்குங்கள். இந்த வாரம் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பது அதைப் பொறுத்தது. நிர்வாகப் பிரிவு."

"ஏணி மேல நின்னுக்கிட்டு ஒத்தக் கையால அடிச்சேன். அதுக்கு மேல எப்படி எழுதறது?" என்றார் வயர்காரர்.

"இந்த ஒப்பந்தம் போச்சுன்னா?"

போச்சென்றால் பழைய முதலாளியிடம் திரும்பிப் போக வேண்டும். "மூணே மாசம், வாலைச் சுருட்டிக்கிட்டு வருவே பாரு" என்று சொல்லி அனுப்பிய மனிதர். வயர்காரர் இரண்டு வருடம் தாக்குப்பிடித்துவிட்டார்.

சேவை மேலாளராக மாறி எழுதினார்: "முதல்நிலைப் பொறியாளர் நீக்கப்பட்டார்."

அப்பாடா என்று நிமிர்வதற்குள் அடுத்த புகார் எண் விழுந்தது. எழுதியது வரவேற்புப் பிரிவு.

"ஐயா, அவரை ஏன் நீக்கினீர்கள்? சனிக்கிழமை சரியான கூட்டம். நாலு நாய், ஒரு கிளி. அந்தக் கோபத்தில் சொன்னதைப் பெரிதாக எடுக்கலாமா? அவர் பிள்ளைகுட்டிக்காரராக இருந்தால் பாவம் என்னைத்தானே சேரும்? தயவுசெய்து திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள்."

"அய்யோ, இந்தம்மா தங்கம்ங்க" என்றார் மனைவி, எட்டிப்பார்த்து.

மதியம் சேவை மேலாளர் மனமிரங்கி, முதல்நிலையை மீண்டும் பணியில் சேர்த்தார். அரை மணியில் மீசை சீறியது: "காலையில் நீக்கம், மதியம் சேர்ப்பு. இது கம்பெனியா, பேருந்து நிலையமா?"

பின்னாலேயே கொள்முதல் பிரிவு: "ஒரு சந்தேகம். உங்கள் ஊழியர்கள் நால்வரும் தினமும் ஒன்றிலிருந்து இரண்டு வரை ஒருசேரப் பதில் போடுவதில்லையே, ஏன்?"

வயர்காரருக்கு வியர்த்தது. ஒரு மணிக்கு மனைவி தட்டு வைப்பார். நான்கு பேரும் ஒரே வாயால்தான் சாப்பிட வேண்டும்.

"முறை வச்சு சாப்பிட அனுப்புங்க" என்றார் மனைவி, சிரிப்பை விடைத்தாளுக்குப் பின்னால் மறைத்தபடி.

கிண்டலாகச் சொன்னதை வயர்காரர் இறுகப் பிடித்துக்கொண்டார். அந்த மென்பொருளில் விதி எழுதி வைக்கலாம். இந்த நேரத்தில் இது நடந்தால் இதைச் செய் என்று. சாப்பாட்டு வேளையில் புகார் வந்தால் பன்னிரண்டு நிமிட இடைவெளியில் ஆளுக்கொரு தயார்ப் பதில் போகட்டும் என்று எழுதினார். ஒருவர் பதில் போட்டதும் நிறுத்து என்று எழுத மறந்தார். அது போதாதென்று, தயார்ப் பதில்களின் பட்டியலில் "உங்கள் புகார் கிடைத்தது" என்பது ஏழாவது. அவர் தேர்ந்தெடுத்தது எட்டாவது.

செவ்வாய்க்கிழமை ஒன்றரை மணிநேரம் நிம்மதியாகச் சாப்பிட்டு, வெற்றிப் புன்னகையோடு திரைமுன் உட்கார்ந்தார். ஒன்று ஐந்துக்கு மருத்துவமனை வரவேற்பில் பிரிண்டரில் பேப்பர் சிக்கியிருக்கிறது. அதற்கு முதல்நிலை, "நேரில் கிளம்பிவிட்டேன்" என்று பதில் போட்டிருந்தார். இரண்டாம்நிலையும் கிளம்பிவிட்டார். பாதுகாப்புப் பிரிவும் கிளம்பிவிட்டது. கடைசியாகச் சேவை மேலாளரே கிளம்பிவிட்டார்.

கீழே மீசையின் மெயில்: "ஒரு பேப்பரை உருவ நால்வர் வருவது இதுவே முதல்முறை. மகிழ்ச்சி. ஒப்பந்தத்தையும் நால்வர் முன்னிலையில் இன்றே முடிவு செய்வோம். நான்கு நாற்காலி போட்டாயிற்று."

"நாலு நாற்காலியாமே!" என்றார் வயர்காரர் ஈனக்குரலில்.

"ஒவ்வொண்ணுலயும் கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வாங்க" என்றார் மனைவி.

மருத்துவமனை வரவேற்பில் மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்ட ஓர் அம்மாள் இருந்தார். மேசைமேல் கூடையில் ஒரு முயல். எதிரே வரிசையாக நான்கு நாற்காலிகள்.

"வாங்க சார். மத்த மூணு பேரு?"

"வண்டியை நிறுத்திக்கிட்டு இருக்காங்க."

"மூணு பேருமா?"

"பெரிய வண்டி மேடம்." அவசரமாகப் பேச்சை மாற்றினார். "நிர்வாகப் பிரிவு சார் இருக்காரா?"

"உள்ள மீட்டிங்" என்றார் அம்மாள், அவரைவிட அவசரமாக. "கொள்முதலும் அங்கதான். நீங்க பிரிண்டரைப் பாருங்க."

பிரிண்டரைத் திறந்ததும் வயர்காரருக்குப் பயமெல்லாம் பறந்துபோனது. "பேப்பரை வந்த வழியே இழுக்கக் கூடாது மேடம். போற வழியில இழுக்கணும். திருப்பி இழுத்தா உள்ள இருக்கற பல்சக்கரம் தேஞ்சிடும். பாருங்க, இப்படி."

"தெரியும் சார். முதல்நிலை போன மாசம் பொறுமையா எழுதியிருந்தார். அச்சடிச்சு ஒட்டியே வச்சிருக்கேன்." சுவரைக் காட்டினார். "இருந்தும் இன்னைக்கு அவசரத்துல இழுத்துட்டேன். அவர் நல்லா இருக்காரா சார்? வேலை போச்சுன்னதும் எனக்குச் சோறே இறங்கல. நான் எழுதினா எந்தக் கம்பெனியும் திரும்பிப் பாக்காது. நிர்வாகம் எழுதினாத்தான் ஓடி வருவாங்க. எனக்கும் அதே மரியாதையோட பதில் போட்டவர் அவர் ஒருத்தர்தான். இன்னைக்கு வர்றார்னதும் மன்னிப்புக் கேக்கணும்னு காத்திருக்கேன்."

வயர்காரர் கிழிந்த பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். இத்தனை நல்ல மனசுக்கு முன்னால் இன்னொரு பொய் வாயில் வரவில்லை.

"மேடம், அவர் வந்துட்டார். நான்தான்."

"அப்போ மேலாளர்?"

"நான்தான். நாலு பேருமே நான்தான். வெளிய நிக்கறது ஒரு சைக்கிள்."

அம்மாள் மெல்ல ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணாடியைத் தலையிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டு அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"நாலு பேரு வேலையையும் ஒத்த ஆளாவா பாக்கறீங்க?"

"ஆமா மேடம். இதை நிர்வாகத்துக்கிட்ட நீங்களே சொல்லிடுங்க. அந்த மீசைக்காரர் முன்னால நின்னு சொல்ல எனக்குத் தைரியம் இல்ல. ஒப்பந்தம் இல்லைன்னாலும் பரவாயில்ல, நான் பழைய முதலாளிக்கிட்டயே போயிடறேன்."

"மீசையா?" என்றவர் ஏனோ மேலுதட்டைத் தடவிப் பார்த்தார். பிறகு விறுவிறுவென்று எழுந்தார். "எங்கயும் போகாதீங்க. நான் பேசிப் பாக்கறேன்."

மேசையிலிருந்த ஒப்பந்தத் தாளை எடுத்துக்கொண்டு உள்ளே மருந்து அறைக்குள் போனார். கதவு சாத்திக்கொண்டது. இரண்டே நிமிடத்தில் திரும்பினார். தாளின் அடியில் நிர்வாகப் பிரிவின் முத்திரை ஈரமாக மின்னியது.

"நிர்வாகம் சரின்னுடுச்சு. கொள்முதல்தான் முறுக்கிக்கிட்டு நிக்குது. விடறதா இல்ல நான்." மறுபடி உள்ளே போனார்.

இந்தத் தடவை குரல் உயர்ந்தது. "ஒத்த ஆளா இருந்தா என்ன? ஒரு வருஷத்துல ஒரு புகாரையாவது கிடப்புல போட்டிருப்பாரா? மனசாட்சியோட பேசுங்க!" வயர்காரருக்குக் கண் கலங்கியது. எதிர்த்தரப்பு பேசுவது மட்டும் காதில் விழவில்லை. கொள்முதல்காரர் மெல்லப் பேசும் ஆள் போலிருக்கிறது.

அப்போது பக்கத்து அறையிலிருந்து ஒரு பூனையை அணைத்தபடி டாக்டர் வெளியே வந்தார். மருந்து அறைக் கதவையும் வயர்காரரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏங்க, இந்தம்மா உள்ள யாரோட சண்டை போட்டுக்கிட்டு இருக்காங்க? இந்த ஆஸ்பத்திரியில நானும் அவங்களும் ரெண்டே பேருதானே!"