பத்திரமான இடத்தில் வைஃபை

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதுவது. நீங்களும் மகளும் பேத்தியும் அங்கே சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம். போன தடவை வந்தபோது நீங்கள் வாங்கி மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனீர்களே, அந்த வைஃபை பெட்டியும் இப்போது சௌக்கியம். இடையில் அதற்கு உடம்பு சரியில்லாமல் போன கதையைச் சொல்லத்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். போனில் சொல்லலாமே என்பீர்கள். ஆரம்பித்ததுமே மகள் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறாள், நான் என்ன செய்ய? தவிர, தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பராகவே இருந்து ஓய்வு பெற்றவன் நான். எதுவும் எழுத்தில் இருந்தால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

விஷயம் உங்களுக்குத் தெரியும். கல்யாணத்தால் பாதியில் நின்றுபோன படிப்பை உங்கள் அத்தை இந்த வயதில் மறுபடி எடுத்தாள். தபால் வழியில் உளவியல் பட்டம். புத்தகமெல்லாம் வீட்டுக்கே வந்துவிடும். எழுத்துத் தேர்வுகளை முடித்துவிட்டாள். பாக்கி இருந்தது வாய்மொழித் தேர்வு ஒன்றுதான், அது கம்ப்யூட்டர் வழியாக. நடுவில் லைன் அறுந்து திரும்பி வராமல் போனால் தேர்வுக்கே வராதவர் என்று எழுதிவிடுவார்களாம். அப்புறம் அடுத்த வருஷம்தான். இத்தனை வருஷம் காத்திருந்தவளை இன்னொரு வருஷம் காக்க வைப்பதா? "நீ படி. லைன் என் பொறுப்பு" என்று மார்தட்டிச் சொன்னேன். அவள் என்னை ஒரு தினுசாகப் பார்த்துவிட்டு, "சரிங்க" என்றாள்.

பொறுப்பு என்று வந்துவிட்டால் சும்மா இருக்க முடியுமா? நீங்கள் பெட்டியைக் கூடத்து அலமாரியில் போகிற வருகிறவன் கண்ணில் படும்படி வைத்துவிட்டுப் போயிருந்தீர்கள். குற்றம் சொல்லவில்லை, உங்களுக்கு ஸ்டோர் அனுபவம் கிடையாது. விலை உயர்ந்த சாமான், அதிலும் பளிச் பளிச்சென்று விளக்கு வேறு போட்டுக் காட்டுகிறது, திருடனுக்கு இதைவிட வேறு அழைப்பு வேண்டுமா? எதிர்வீட்டுத் தச்சரிடம் டிரில் வாங்கி, படுக்கையறை இரும்பு பீரோவின் முதுகில் ஓட்டை போட்டு, வயரை இழுத்துவந்து, பெட்டியை உள்ளே வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். அன்றைக்குத்தான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

மறுநாள் காலையில் கம்ப்யூட்டரைப் போட்டால் லைன் இல்லை. இருக்கிறது என்று ஒரு கோடு காட்டும், நம்பி ஏதாவது தட்டினால் வட்டம் சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும், பார்க்கிற நமக்குத் தலை சுற்றும். அணைத்துப் போட்டேன். பிடுங்கிச் செருகினேன். கம்ப்யூட்டரை மேஜையோடு கூடத்தின் நாலு மூலைக்கும் தள்ளினேன், அதில் இடுப்பு பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். கம்பெனிக்குப் போன் போட்டால், பாட்டுப் போட்டே என்னை அரை மணி நேரம் உட்கார வைத்துவிட்டு ஒரு பெண் வந்தது. குரலில் நல்ல தன்மை, அதைச் சொல்லியாக வேண்டும்.

"ரவுட்டர் எங்க சார் வச்சிருக்கீங்க?"

"பத்திரமான இடத்துலதாம்மா."

"கொஞ்சம் உயரமா வச்சுப் பாருங்க சார்."

பீரோவின் மேல்தட்டுக்கு மாற்றினேன். ஊஹூம். மறுபடி போன்.

"திறந்த இடமா சார் அது?"

எனக்குச் சுருக்கென்றது. "திறந்து போட்டுட்டு உட்கார்ற வீடு இல்லம்மா இது" என்று வைத்துவிட்டேன்.

அப்புறம் லைன்காரர் வந்தார். ஏணியும் பையுமாக வந்த மனிதர், "பெட்டியைக் காட்டுங்க சார்" என்றார். பீரோவைத் திறந்து காட்டினேன். கூடத்துக்குப் போய்த் தன் கருவியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "லைன் ஜம்முனு இருக்கே சார், இதுக்கா கூப்பிட்டீங்க?" என்று கேட்டார். கம்ப்யூட்டரில் பார்த்தேன், அத்தனை கோடும் நின்றது, எனக்கு மானம் போயிற்று. அவர் தெருமுனை திரும்பியிருக்க மாட்டார், பீரோவைப் பூட்டிவிட்டு வந்து உட்கார்ந்தால் பழைய குருடி கதைதான், வட்டம். மறுபடி கூப்பிட்டேன், மறுபடி வந்தார், மறுபடி திறந்து காட்டினேன், மறுபடி ஜம்மென்று இருந்தது. போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "சார், உங்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும். இனிமே கம்ப்ளெய்ன்ட் மட்டும் கொடுக்காதீங்க. உங்க வீட்டுல லைன் வர வேண்டிய நேரத்துல தானா வரும்" என்றார். வைத்தியர் கைவிட்ட மாதிரி ஆகிவிட்டது எனக்கு. ஆள் பார்த்து நடிக்கிற பெட்டி இது என்றுதான் முடிவு கட்டினேன். எங்கள் தொழிற்சாலையில் ஒரு சூப்பர்வைசர் இப்படித்தான், முதலாளி வந்தால் மட்டும் ஓடி ஓடி வேலை பார்ப்பார்.

இவ்வளவு கூத்து நடக்கிறதே, உங்கள் அத்தை என்ன செய்தாள் என்கிறீர்களா? ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். "லைன் வரலடி" என்றால் "ம்." "தேர்வு நெருங்குதுடி" என்றால் "ம்." தேர்வு எனக்கா அவளுக்கா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ரத்தக் கொதிப்பு மாத்திரையை மட்டும் மறக்காமல் எடுத்துக் கொடுத்தாள்.

தேர்வு நாளும் வந்தது. "ஏங்க, அடையாள அட்டை பீரோவுல இருக்கு, சாவியைக் கொடுங்க" என்று வாங்கிக்கொண்டு போனாள். அட்டையை எடுத்தவள் பீரோவை அகலத் திறந்து போட்டுவிட்டு வந்து கூடத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். அதிசயத்தைக் கேளுங்கள், லைன் கண்ணாடி மாதிரி இருந்தது. தேர்வாளர்கள் இரண்டு பேர், நல்ல முகமாக ஓர் அம்மையாரும், சிரிப்பென்றால் கிலோ என்ன விலை என்று கேட்கிற ஒரு மனிதரும். உங்கள் அத்தை டக் டக்கென்று பதில் சொல்கிறாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் பின்னால் படுக்கையறையில் பீரோ ஆவென்று வாயைத் திறந்துகொண்டு நிற்கிறதே, அதையும் தாங்க முடியவில்லை. உள்ளே பத்திரம், நகை, பாஸ்புக். எத்தனை நேரம்தான் பொறுப்பேன்? பூனை மாதிரி போய்ச் சத்தமில்லாமல் சாத்தினேன்.

கூடத்தில் பேச்சு நின்றது. எட்டிப் பார்த்தால், அந்த அம்மையாரின் முகம் பாதி வாயைத் திறந்தபடி உறைந்து நிற்கிறது, நடுவில் வட்டம் சுற்றுகிறது. எனக்கு உயிரே போய்விட்டது. உங்கள் அத்தை திரும்பினாள். பதறவில்லை, கத்தவில்லை.

"ஏங்க, அதைத் திறங்க."

திறந்தேன். வட்டம் போய் முகம் வந்தது. பீரோதான் அத்தனைக்கும் காரணம் என்று அந்த நொடியில்தான் என் மரமண்டைக்கு உறைத்தது. அவள் எப்படித்தான் கண்டுபிடித்தாளோ! இனி கையை எடுத்தால் மறுபடி போய்விடுமோ என்ற பயத்தில் இரண்டு கைகளாலும் பீரோக் கதவைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். மேலே சட்டையில்லாமல் பனியனோடு நிற்கிறேன் என்பதோ, திறந்திருந்த அறை வாசல் வழியே கேமராவில் முழுசாகத் தெரிகிறேன் என்பதோ எனக்குத் தோன்றவே இல்லை.

"அம்மா, உங்க பின்னால யாரு அது? பதில் சொல்லிக் கொடுக்கிறாரா?" என்றார் சிரிக்காத மனிதர். நம்மால் அவள் படிப்பு போச்சே என்று நினைத்துக்கொண்டேன்.

"என் வீட்டுக்காரர் சார். சொல்லிக் கொடுக்க அவருக்கு ஒண்ணும் தெரியாது."

"நாங்க எப்படி நம்பறது? ஐயா, கொஞ்சம் முன்னால வாங்க."

"வர முடியாது சார். கையை எடுத்தா லைன் போயிடும்."

"அப்ப அங்கிருந்தே சொல்லுங்க. ஞாபக சக்தி எத்தனை வகை?"

தெரியாது என்று சொன்னால் தேர்வில் தோற்கிற மாதிரி இருந்தது. "ரெண்டு வகை சார். நான் சொன்னதை அவ மறக்கிறது ஒண்ணு. அவ சொன்னதை நான் மறக்கிறது ஒண்ணு" என்றேன்.

அந்த மனிதர் சிரித்தே விட்டார், மாப்பிள்ளை! "போதும் ஐயா, சந்தேகம் தீர்ந்துபோச்சு" என்றார். என் அறியாமையால் அவளுக்கு இப்படி ஓர் உபகாரம் நடக்கும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. அடுத்து அந்த அம்மையார் கேட்டார்: "காரணம் போன பிறகும் சில பழக்கம் ஏன் போறதில்ல? வாழ்க்கையிலிருந்து ஓர் உதாரணம் சொல்லுங்க."

உங்கள் அத்தை என் பக்கம் கையைக் காட்டினாள். "இவரையே எடுத்துக்கங்க மேடம். ஸ்டோர்ல ஒரு திருகாணி தொலைஞ்சாலும் இவர்தான் பதில் சொல்லணும். அந்த பயத்துல பூட்ட ஆரம்பிச்சார். இப்ப ஸ்டோரும் இல்ல, கேக்கிற ஆளும் இல்ல. கை மட்டும் பூட்டிக்கிட்டே இருக்கு. தனக்கு எது ரொம்ப வேணுமோ அதைத்தான் பூட்டுவார். இன்னிக்குத்தான் எனக்காகத் திறந்து பிடிச்சுக்கிட்டு நிக்கிறார்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. துடைக்கக் கை இல்லை.

முடிவு நேற்று வந்தது. முதல் வகுப்பு! தெருவில் தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரையும் நிறுத்தி நிறுத்திச் சொல்லிவிட்டேன். நானும் திருந்திவிட்டேன் மாப்பிள்ளை. பெட்டியைப் பழையபடி கூடத்து அலமாரியிலேயே வைத்துவிட்டேன். லைன் பிய்த்துக்கொண்டு போகிறது. இரவு பகலாக நான் விடாமல் போராடியதால்தான் கோளாறு பிடிபட்டது என்பதை மகளிடம் நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள், உங்கள் வாயால் சொன்னால் சிரிக்காமல் கேட்பாள்.

உங்கள் மூவருக்கும் எங்கள் இருவரின் மனம் நிறைந்த ஆசிகள். பேத்தியின் இரண்டு கன்னத்திலும் தாத்தா பேரைச் சொல்லி ஒவ்வொரு முத்தம். வேளா வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள மாமனார்

பி.கு.: உறையில் போடுமுன் உங்கள் அத்தையிடம் படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டு, "பீரோவாலதான் லைன் போகுதுன்னு எனக்கு ரெண்டாவது நாளே தெரியும்" என்கிறாள்!

"அப்புறம் ஏண்டி சொல்லல?"

"சொன்னா சரி பண்ணியிருப்பீங்க. லைன் இருந்தா விடிஞ்சதிலிருந்து வீடியோ. நிமிஷத்துக்கு ஒரு தடவை 'இங்க வந்து பாரேன்', 'இதைக் கேளேன்.' நான் எங்க படிக்கிறது? லைன் போனதும் நீங்க அது பின்னால ஓடிட்டே இருந்தீங்க. நான் நிம்மதியா படிச்சேன்."

"பாவம், அந்த லைன்காரர்?"

"அவர் கண்டுபிடிச்சுட்டார். நான்தான் காபி கொடுத்து, உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிட்டேன்."

கோபம் வர வேண்டும் என்று கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தேன். வரவில்லை. மேல்படிப்புக்கும் அவள் பணம் கட்டிவிட்டாளாம், புத்தகங்கள் இன்று காலைத் தபாலில் வந்து இறங்கிவிட்டன. எனவே பெட்டி கூடத்தில் இருப்பதாக மேலே எழுதியதைத் தள்ளிவிட்டுப் படிக்கவும். சற்று முன்பு நானே அதைக் கழற்றிப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். சாவி அவளிடம்.