வாட்டர் டேங்க் ஸ்டாப்பிங்கும் ஒரு கருத்துக்கணிப்பும்

என் வீட்டுக்காரர் வீரபத்திரன் போன பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஜனநாயகத்தைக் கண்டுபிடித்தார். பல் தேய்த்துக்கொண்டே கண்டுபிடித்ததால் எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. கொப்பளித்துவிட்டு வந்து மறுபடி சொன்னார்.

"மக்கள்கிட்ட கேக்கணும் காந்தா. நம்ம நகர்ல அறுபத்திரெண்டு வீடு இருக்குது. ஒவ்வொருத்தர் கருத்தும் முக்கியம்."

இன்றைக்கு என்ன குழம்பு என்று இருபத்தாறு வருஷமாக எனக்கு அறிவிப்பு மட்டுமே கொடுத்து வருகிற மனிதர் இவர். திடீரென்று அறுபத்திரெண்டு வீட்டின் கருத்து கேட்கிறார் என்றால் உள்ளே ஏதோ இருக்கிறது. என்ன என்று தெரியாமல் எனக்கு இட்லி இறங்கவில்லை.

விஷயம் பஸ் ஸ்டாப்பிங். நாங்கள் இருப்பது செவிலிமேட்டில், பாலாற்றுப் பக்கம். டவுன் பஸ் மெயின் ரோட்டில் வாட்டர் டேங்க் அருகே நிற்கும். நகரில் பன்னிரண்டே வீடுகள் இருந்த காலத்தில் வைத்த ஸ்டாப்பிங் அது. மற்ற ஐம்பது வீடுகளும் பிறகு எங்கள் தெருமுனைப் பக்கமாக வந்தவை. டேங்குக்கும் எங்கள் முனைக்கும் எண்ணூறு மீட்டர். மார்க்கெட்டிலிருந்து இரண்டு பை காய்கறியோடு நான் டேங்கில் இறங்குவேன். நான் இறங்கிய அதே பஸ் என் வீட்டு வாசலைத் தாண்டிப் போவதைப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே நடப்பேன். வலது முட்டி ஒவ்வொரு அடிக்கும் ஒரு வார்த்தை சொல்லும். அந்த வார்த்தைகள் எதையும் கான்வென்ட்டில் எனக்குச் சொல்லித் தரவில்லை.

வார்டு கவுன்சிலர் பெரியநாயகி அதற்கு முந்தின மாதம் வந்து, ஒரே ஒரு நிழற்குடைதான் கட்ட முடியும், எங்கே வேண்டும் என்று எல்லோரிடமும் கேட்டு எழுதிக் கொடுங்கள், நிழற்குடை வருகிற இடத்தில்தான் இனி பஸ் நிற்கும் என்று சொல்லிவிட்டுப் போனார். எழுதிக் கொடுக்க வேண்டியவர் குடியிருப்போர் சங்கச் செயலாளர். செயலாளர் என் வீட்டுக்காரர். வேறு யாரும் கையெழுத்துப் போட வராததால் கிடைத்த பதவி.

சரி, நம் முட்டிக்கு விடிவு காலம் என்று நினைத்தேன். இவரோ வாட்டர் டேங்கே இருக்கட்டும் என்றார். ஏன் என்றேன். நடந்தால் உடம்புக்கு நல்லது என்றார். வாசலில் பஸ் நின்றால் கூட்டம் கூடும், வெற்றிலை துப்புவார்கள், காரை எடுக்க முடியாது என்றார். அந்தக் கார் மாதம் ஒரு முறை பேட்டரி இறங்கிவிட்டதா என்று பார்ப்பதற்காக மட்டும் எடுக்கப்படுவது.

எனக்கு உறுத்தியது நடை விஷயம். அதற்கு எட்டு மாதம் முன்பு டாக்டர் இவருக்குச் சர்க்கரையும் கொழுப்பும் ஏறியிருப்பதாகச் சொல்லி, எண்ணெய்ப் பலகாரத்தைத் தொடக்கூடாது என்றார். அன்றிலிருந்து வீட்டில் அப்பளத்தைக்கூடச் சுட்டுத்தான் போடுகிறேன். இவரும் காலையில் டேங்க் வரை நடை, மாலையில் டேங்கிலிருந்து நடை. மழையிலும் நடை. ஆனால் பேன்ட்டில் கொக்கியை நான் இரண்டு முறை தள்ளித் தைத்தாகிவிட்டது. நடக்க நடக்கப் பெருக்கிற உடம்பை நான் எந்தப் பாடப் புத்தகத்திலும் படித்ததில்லை.

அன்று சாயங்காலமே கேள்வித்தாள் தயார். பத்துக் கேள்வி. எல்லாவற்றுக்கும் ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். முதல் கேள்வி, காஞ்சிபுரம் இட்லி நம் ஊரின் பெருமையா. இரண்டாவது, கோபுரங்களே நம் ஊரின் அடையாளமா. மூன்றாவது பட்டு. அப்புறம் குப்பை, கொசு, குளம், தெருவிளக்கு. பத்தாவது இப்படி இருந்தது: 'நிழற்குடை தற்போதுள்ள தண்ணீர்த் தொட்டி அருகிலேயே அமைவது அனைவருக்கும் நலம் என்பதை ஏற்கிறீர்களா?'

பஸ்ஸைப் பற்றிக் கேட்க இட்லி எதற்கு என்றேன்.

"ஆபீஸ்ல முப்பது வருஷமா பாத்துக்கினு இருக்கேன். மனுசன் மொத மூணைத்தான் படிப்பான். அப்புறம் கை தானா டிக் போட்டுக்கினே போவும். இட்லிக்கு ஆம், கோபுரத்துக்கு ஆம், பட்டுக்கு ஆம். பத்தாவதுக்கும் ஆம்."

திட்டம் அழகாகத்தான் இருந்தது. மதுரையிலோ தஞ்சாவூரிலோ பலித்திருக்கும். காஞ்சிபுரத்துக்காரனிடம் இட்லியைப் பற்றிக் கேட்டுவிட்டு, அவன் இரண்டாம் கேள்விக்கு வருவான் என்று எதிர்பார்த்தாரே, அங்கேதான் தவறினார்.

தாள்களை வீடு வீடாகக் கொடுத்து வாங்கும் வேலை எனக்கு வந்தது. பகலில் வீட்டில் இருக்கிற பெண்கள் இவருக்குக் கதவு திறக்க மாட்டார்களாம். அது மட்டும் உண்மை.

முதலில் எதிர்வீட்டு அன்னம்மாள். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். கண்ணாடியை மாட்டி முதல் கேள்வியைப் படித்தார். மூங்கில் குடலையில் மந்தாரை இலை வைத்துச் சுக்கும் மிளகும் போட்டு அவிக்கிற கோயில் இட்லியா, இல்லை ஓட்டலில் அந்தப் பெயரைச் சொல்லி டம்ளரில் அவிக்கிறார்களே அதுவா என்று தெளிவாகக் கேட்க வேண்டாமா என்றார். எதுவாக இருந்தால் என்ன அக்கா என்றேன்.

"என்னா காந்தா இப்படி கேட்டுட்ட. கோயிலு இட்லி மருந்து. வயித்துக்கு நல்லது, வாய்க்கு ஒண்ணும் கெடையாது. ஓட்டலு இட்லி வாய்க்கு நல்லது, வயித்துக்கு ஒண்ணும் கெடையாது. ரெண்டுக்கும் ஒரே கட்டம் போட்டா எங்க டிக் அடிக்கிறது?"

அதற்குள் அவர் கணவர் டேனியல் இரண்டாம் கேள்வியைப் பிடுங்கிக்கொண்டார். அவர் டிரைவிங் ஸ்கூல் வைத்திருப்பவர். கோபுரத்தை அடையாளம் வைத்து வண்டி ஓட்டினால் முன்னால் போகிறவன்மேல்தான் ஏற்ற வேண்டும், நெரிசலான மூங்கில் மண்டபம் சந்திப்புதான் அடையாளம், அங்கே ஒருவன் வண்டியைத் திருப்பிவிட்டால் உலகத்தில் எங்கும் திருப்பலாம் என்றார். அரை மணி நேரம் ஆயிற்று. தாளின் பின்பக்கமும் நிரம்பிவிட்டது. பத்தாவது கேள்வி பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் காத்திருந்தது.

அடுத்தது பாண்டியன், பொன்னி வீடு. பாண்டியன் பட்டுச்சேலை வியாபாரம். அவர் பெரிய காஞ்சிபுரத்தில் பிறந்தவர், பொன்னி சின்ன காஞ்சிபுரம். இடையில் மூன்று கிலோமீட்டர்தான். ஆனால் கோயில் பேச்சு வந்தால் இரண்டு நாடு. எந்தக் கோபுரம் உயரம், எந்தத் திருவிழாவுக்குக் கூட்டம் என்று ஆரம்பித்து, கல்யாணத்தில் யார் வீட்டுப் பந்தியில் பாயசம் தீர்ந்தது என்பதில் போய் நின்றது. நடுவே பாண்டியன் மூன்றாம் கேள்விக்கு, எந்தப் பட்டு, இங்கே நெய்ததா, இங்கே விற்றதா என்று சிவப்பு மையில் எழுதினார். தன் கடையில் எது என்று எழுதவில்லை.

மூன்றாவது வீட்டுத் திண்டாட்டம் இன்னும் மோசம். ஸ்ரீபெரும்புதூரில் வேலை பார்க்கிற குரு என்கிற பையன், "ஆன்ட்டி, ஊரோட பெஸ்ட் ஃபுட்டே பைபாஸ் பிரியாணிதான், அந்த ஆப்ஷனே இல்லியே" என்று தாளையே திருப்பித் தந்துவிட்டான். நான் வெயிலில் நின்று, இவருடைய சூழ்ச்சியை இவருடைய இட்லியே கவிழ்த்துவிட்டதே என்று சிரித்துக்கொண்டேன். பத்தாவது கேள்வி எல்லாத் தாளிலும் காலியாக இருக்கும். காலியாக இருந்தால் கணக்கில் வராது.

அப்போதுதான் கான்வென்ட் சிஸ்டர் ஞாபகம் வந்தார். பதில் எழுதும் முன்பு கேள்வித்தாளைக் கடைசி வரி வரை படிக்க வேண்டும் என்று ஸ்கேலால் சொல்லித் தந்தவர். கடைசி வரியைப் படித்தேன். பத்தாவது கேள்விக்குக் கீழே எறும்பு சைஸில் இருந்தது.

'குறிப்பு: பதிலளிக்கப்படாத கேள்விகளுக்கு "ஆம்" எனக் கொள்ளப்படும்.'

முப்பது வருஷ ஆபீஸ் சும்மா போகவில்லை. டிக் போட்டாலும் ஆம், போடாவிட்டாலும் ஆம். ஒரு ஸ்டாப்பிங்குக்காக இவ்வளவு மூளையை இந்த மனிதர் செலவழித்து நான் பார்த்ததே இல்லை. எனக்கு வந்த கோபத்தைவிட ஆர்வம்தான் பெரிதாக இருந்தது. அந்த வாட்டர் டேங்கில் அப்படி என்னதான் இருக்கிறது?

ஆனால் முதலில் முட்டியைக் காப்பாற்ற வேண்டும். ஒரு எழுத்தைக்கூட நான் திருத்தவில்லை. அதெல்லாம் பாவம். நான்காவது வீட்டிலிருந்து ஒரே ஒரு வார்த்தை மட்டும் கூடுதலாகச் சொன்னேன்: "கடைசியிலருந்து ஆரம்பிங்க." அவ்வளவுதான். பத்தாவதைப் படித்த பெண்கள், யாருக்கு நலம், எவன் நலம் என்று பேனா கிழிய 'இல்லை'யில் டிக் அடித்தார்கள். அதற்கு அப்புறம் மேலே போய் இட்லியோடு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் மல்லுக்கு நிற்கட்டும். முதல் மூன்று வீட்டுக்கும் திரும்பப் போனேன். குரு பிரியாணிக்குத் தனியாக ஒரு கட்டம் வரைந்துகொண்டு பத்தாவதுக்கும் பதில் போட்டான்.

மூன்றாம் நாள் டேங்க் பக்கத்துப் பழைய பன்னிரண்டு வீடுகள். அங்கே ஸ்டாப்பிங் கம்பத்தை ஒட்டித் தள்ளுவண்டியில் காலையும் மாலையும் மட்டும் வடை போடுகிறவர் முனுசாமி; நான் மார்க்கெட்டிலிருந்து இறங்குகிற மத்தியான வேளையில் வண்டி இருக்காது. அவர் வீடு டேங்குக்குப் பின்னாலேயே, அவரும் நகர்வாசிதான். கையெல்லாம் மாவு. நீங்களே படிங்கம்மா, நான் சொல்றேன் என்றார். நானே ஒரு ஆர்வத்தில் முதலிலிருந்து படித்தேன். காஞ்சிபுரம் இட்லி நம் ஊரின் பெருமையா?

"அது பெரிய எடத்து சமாச்சாரம்மா. நம்ம சாரு தெனமும் சொல்லிட்டுத்தானே போறாரு. 'முனுசாமி, கோயில் இட்லி பெருமாளுக்கு, உன் மசால் வடை எனக்கு'ன்னு."

எந்த சாரு என்றேன். கேட்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

"செகரெட்டரி சாருதான். காலையில ரெண்டு, சாயங்காலம் ரெண்டு. மழ பெஞ்சா கூட ஒண்ணு. நீங்க யாரும்மா, புது வீடா?"

எட்டு மாதமாக நான் வீட்டில் சுட்டுப்போட்ட அப்பளங்கள் எல்லாம் வரிசையாகக் கண் முன்னால் போயின. மழையில் நடை ஏன் என்று இப்போது தெரிந்தது. நான் யார் என்று மெதுவாகச் சொன்னேன். முனுசாமி கரண்டியை வாணலியிலேயே விட்டுவிட்டார்.

பாவம், அவருக்கும் ஒரு கவலை இருந்தது. பத்தாவது கேள்வியை நான் படித்ததும் முகம் விழுந்துவிட்டது. பஸ் உங்கள் முனையில் நின்றால் ஆளும் அங்கே போய்விடும், ஆள் இல்லாத டேங்குக்கா வடை போடுவது என்றார். இந்த நகரில் எல்லோருக்கும் கருத்து இருந்தது, பிழைப்பே அதில் இருந்தது இவருக்கு மட்டும்தான். வண்டிக்குச் சக்கரம் இருக்கிறதே என்றேன். எங்கள் முனையில் புங்கமரம் இருக்கிறது, நிழல் இருக்கிறது, பாத்திரம் கழுவ எங்கள் வாசல் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொள்ளலாம் என்றேன். பிறகு ஒரு நிபந்தனையும் சொன்னேன். முனுசாமி கொஞ்ச நேரம் வடையைத் திருப்பிப் போட்டார். அப்புறம், 'இல்லை'யில் டிக் அடிங்கம்மா என்றார்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் கார் ஷெட்டில் கூட்டம். கவுன்சிலர் பெரியநாயகியும் வந்திருந்தார். இவர் இஸ்திரி போட்ட சட்டையில், தாள்களைப் பிரித்துப் படித்தார். இட்லிப் பகுதி கொண்டாட்டமாகப் போயிற்று. பொன்னியும் பாண்டியனும் மறுபடி ஒரு சுற்று மோதினார்கள். பெரியநாயகியே இட்லிக்குச் சுக்கு அதிகம் என்று ஒரு கருத்துச் சொல்லி, இரண்டு பேரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். இவர் முகத்தில் அப்படி ஒரு திருப்தி. பத்தாவதுக்கு வந்தபோது குரல் இறங்கியது. இல்லை. இல்லை. இல்லை. அறுபத்திரெண்டில் ஐம்பத்தொன்று இல்லை. முனுசாமியின் தாளை மட்டும் இரண்டு முறை பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் எல்லோருக்கும் மோர் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"மக்கள் கருத்துங்க," என்றேன்.

ஆனி பிறப்பதற்குள் நிழற்குடை எங்கள் முனைக்கு வந்துவிட்டது. அதுவரை இவர் வீட்டில் பேசியது குறைவு, பெருமூச்சு விட்டது அதிகம். பஸ் முதன்முதலில் எங்கள் வாசலில் நிற்கும் நாள் காலை, ஆபீஸ் பையோடு, தூக்குக்குப் போகிறவர் போலக் கேட்டைத் திறந்தார். திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். புங்கமரத்தடியில் முனுசாமி வண்டி. வாணலியில் எண்ணெய் கொதிக்கிற சத்தம். சோம்பும் வெங்காயமும் சேர்ந்த வாசனை வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது.

எண்ணூறு மீட்டர் நடந்து போய்த் திருட வேண்டியது எட்டடியில் வந்து நிற்கிறது. கல்யாணத்தன்றுகூட இவர் முகத்தில் அவ்வளவு பிரகாசத்தை நான் பார்த்ததில்லை. என்னைத் திரும்பிப் பார்த்து, "எல்லாம் நன்மைக்குத்தான் காந்தா, மக்கள் தீர்ப்பை மதிக்கணும்," என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு வண்டிக்குப் போனார். குரலைத் தாழ்த்தி, வழக்கம்போல ரெண்டு என்றார்.

முனுசாமி பொன்னிறமாக இரண்டை எடுத்தார். எண்ணெய் வடித்தார். இலைத் துண்டில் வைத்து, இவரைச் சுற்றிக்கொண்டு வந்து கேட் வழியாக என்னிடம் நீட்டினார்.

"யோவ், எனக்குய்யா," என்றார் இவர்.

"மன்னிச்சுக்கோ சாரு," என்றார் முனுசாமி. "அம்மா எடம் குடுக்கறாங்க, தண்ணி குடுக்கறாங்க. நீ வெறும் வடதானே வாங்கற."