நாற்பது ரோஜாக் குச்சிகளுக்கு நான் கிண்டிய லேகியம்

நாட்டு மருந்துக் கடைக்காரனுக்கென்று ஒரு வியாதி உண்டு. அதற்கு மட்டும் அவன் கடையில் மருந்து கிடையாது. உலகத்தில் எது வாடினாலும், வீங்கினாலும், வராமல் நின்றாலும் தன்னிடம் இருக்கும் டப்பாக்களில் ஒன்றைத் திறந்தால் சரியாகிவிடும் என்று நினைப்பதுதான் அந்த வியாதி. செஞ்சி பஜாரில் அப்பா வைத்த கடையோடு சேர்த்து அதையும் நான் சொத்தாகப் பெற்றேன். கடை சுமாராக ஓடுகிறது. வியாதி நன்றாக ஓடியது.

மூன்று வருஷத்துக்கு முன்னால், ரோடு அகலப்படுத்துவதற்காக என் அக்கா வீட்டு வாசலை எடுக்கப் போவதாகச் சொன்னார்கள். அக்கா செஞ்சிக்குப் பக்கத்தில் வல்லத்தில் இருக்கிறாள். வீட்டுக்கு ஒன்றும் ஆகாது. கேட்டும் அதை ஒட்டி நின்ற பன்னீர் ரோஜாச் செடியும்தான் போக வேண்டியவை. கேட்டைப் பற்றி அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த ரோஜா அவள் வீட்டுக்காரர் நட்டது. கல்யாணமான வருஷம் அவலூர்பேட்டையிலிருந்து ஒரு குச்சியை ஈரத்துணியில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தாராம். அவர் இறந்த பிறகு தினமும் அதில் ஒரு பூப்பறித்து அவர் படத்துக்கு வைத்துவிட்டுத்தான் அக்கா டீ குடிப்பாள்.

"ஒரே ஒரு கன்னாவது உண்டாக்கிக் குடுடா. கொல்லைல வச்சிக்கிறேன்" என்றாள்.

(ஒரு கன்றாம்! யாரைப் பார்த்துக் கேட்கிறாள்?)

"ஒண்ணு இன்னாக்கா ஒண்ணு, நாப்பது தர்றேன்" என்றேன்.

என் கடைக்கு எதிரே ஓர் உரக்கடை. விஷயத்தைக் கேட்டதும் அந்தக் கடைக்காரர் வேர்பிடிக்கிற பவுடர் டப்பா ஒன்றை எடுத்து நீட்டினார். "குச்சிய இதுல லேசா தொட்டு நட்டா போதும்பா" என்றார். நான் வாங்கவில்லை. மருந்துக் கடைக்காரன் எதிர்க்கடையில் மருந்து வாங்கினால் பரம்பரை மானம் என்ன ஆவது? கல்லாவில் உட்கார்ந்தபடி போனில் வீடியோ தேடினேன். ஒரு அம்மாள் மொட்டை மாடியில் நின்றுகொண்டு சொன்னார்: தேன், பட்டைப் பொடி, கற்றாழைச் சாறு, இந்த மூன்றில் ஏதாவது ஒன்றைத் தொட்டு நட்டால் போதும், வேர் பிடித்துவிடும். மூன்றும் என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன.

'ஏதாவது ஒன்று' என்று அந்த அம்மாள் அழுத்திச் சொன்னது என் காதில் ஏறவில்லை. எங்கள் தொழிலில் ஒற்றைச் சரக்குக்கு மரியாதை கிடையாது. திரிகடுகத்துக்கே சுக்கு, மிளகு, திப்பிலி என்று மூன்று வேண்டும். ஆகவே மூன்றையும் சேர்த்தேன். கூடவே மஞ்சள். அப்புறம் என் சொந்த மூளையிலிருந்து திப்பிலியும் அதிமதுரமும். எல்லாம் குச்சியில் ஒட்டி நிற்க வேண்டுமே என்று பனைவெல்லப் பாகு. அடுப்பில் வைத்துக் கிண்டி, சுருள வந்ததும் நெய் விட்டு இறக்கினேன். (ஆமாம், நெய். செடிக்கு.) எனக்கே ஒரு உருண்டை சாப்பிடலாம் போல இருந்தது, சாப்பிட்டேன்.

மறுநாள் வல்லம் போய், செடியில் இருந்த நல்ல கிளைகளை எல்லாம் வெட்டினேன். அக்கா பதறினாள்.

"டேய், மொட்டையடிக்கிறியே! அவரு சும்மாதான நட்டாரு, புடிச்சிக்கிச்சே."

"அது அவரு கைராசிக்கா. எல்லாருக்கும் வருமா? இது மருந்து."

ஒவ்வொரு குச்சியின் அடியிலும் ஒரு அங்குலத்துக்கு லேகியத்தை அப்பி, கொல்லையில் நாற்பது பைகளில் நட்டேன். பத்தியமும் சொன்னேன். ஒரு மண்டலம், அதாவது நாற்பத்தெட்டு நாள், யாரும் குச்சியைத் தொடக்கூடாது, பிடுங்கிப் பார்க்கக்கூடாது. நட்ட மறுநாளே எறும்பு சாரி சாரியாக வருகிறது என்று அக்கா போன் செய்தாள். "மண்ணு உயிரோட இருக்குதுன்னு அர்த்தம்" என்றேன். எங்கிருந்து அப்படி ஒரு பதில் வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கடையில் பேசிப் பேசி வாய் கெட்டுப் போயிருந்தது.

இரண்டு வாரத்தில் தளிர் வந்துவிட்டது. நாற்பதில் முப்பதுக்கு மேல் செக்கச்செவேலென்று தளிர்! எனக்குத் தலைகால் புரியவில்லை. மூட்டுவலிக்கு எண்ணெய் வாங்க வந்தவர்களுக்குக்கூட போட்டோ காட்டினேன். உரக்கடைக்காரர் பார்த்துவிட்டு, "வேரு வுட்டுச்சான்னு பாத்தியா?" என்றார். பொறாமை என்று முடிவு கட்டினேன்.

அடுத்த வாரம் ஜேசிபி வந்தது. நானும் அங்கேதான் இருந்தேன். கேட்டைப் பெயர்த்துப் போட்ட பிறகு டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். நான் மொட்டையடித்த செடி அடியில் துளிர்த்திருந்ததைப் பார்த்துவிட்டார் போலிருக்கிறது.

"அண்ணே, இத அடிமண்ணோட அப்படியே அள்ளி கொல்லைல வச்சிடட்டுமா? ரெண்டு நிமிசம்தான். பொழச்சிக்கும்."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டியிருந்தால் போதும்.

"வேணாம்பா, கெழட்டுச் செடி. கொல்லைல நாப்பது கன்னு ரெடியா இருக்குது" என்றேன். சொல்லிவிட்டுப் பெருமையாகச் சிரிக்கவும் செய்தேன், மடையன்.

"சரிண்ணே" என்று அவர் ஏறிக்கொண்டார். செடி கல்லோடும் மண்ணோடும் லாரிக்குப் போனது.

ஐந்தாறு நாளில் கொல்லையில் தளிர்கள் தலை தொங்கின. முதலில் நாலைந்து, பிறகு எல்லாம். "நம்மூரு பாறைச் சூடுக்கா" என்று செஞ்சி மலையின் மேல் பழியைப் போட்டேன். அக்கா பத்தியத்தை மீறி ஒரு குச்சியைப் பிடுங்கினாள். வேர் இல்லை. அடுத்ததிலும் இல்லை. நாற்பதையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தாள். அடி எல்லாம் கறுத்து அழுகி, புளித்த வாடை அடித்தது.

உரக்கடைக்காரரிடம் போய் நின்றேன்.

"குச்சிக்குள்ள இருக்குற சத்த வச்சே தளிரு வந்துடும்பா. வேரு வுட்டாதான் அது நிக்கும். நீ வெல்லப்பாகு அப்பி அழுக வச்சிட்ட. பன்னீர் ரோஜா சும்மா குத்தி வச்சாலே பாதி வந்துடுமே" என்றார். எனக்கு அங்கேயே மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது.

அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் இந்நேரம் மறந்திருப்பேன். பிடுங்கிய குச்சிகளைக் கட்டாகக் கட்டி ஓரமாக வைத்தாள்.

"அவரு போனப்பகூட இது இருக்குதேன்னு இருந்தேன்டா" என்றாள்.

நான் பைகளில் இருந்த மண்ணைக் கொட்டி, நாற்பதையும் மடித்து வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

அப்புறம் அந்த லேகியம் குடும்பத்தில் வேடிக்கைப் பேச்சாகிவிட்டது. நான் எதற்காவது யோசனை சொல்ல ஆரம்பித்தால் போதும், "மாமா அடுப்பு மூட்டிட்டாரு" என்று அக்கா மகள் கவிதா கத்துவாள். நானும் சேர்ந்து சிரிப்பேன், வேறு என்ன செய்ய? போன மாதம் கவிதாவை அனந்தபுரத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். பையன் நல்ல சட்டை, நல்ல பேச்சு, பெரியவர்களைக் கண்டால் எழுந்து நிற்கிறான். அவர்கள் கிளம்பியதும் நான்தான் முதலில் வாயைத் திறந்தேன்.

"தங்கமான பையன்க்கா."

அக்கா தட்டுகளை அடுக்கிக்கொண்டே சொன்னாள்: "தளிர பாத்துட்ட. வேர யாருடா பாக்குறது?"

வீடே சிரித்தது. கவிதா விழுந்து விழுந்து சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை. மறுநாள் காலை பையனைப் பற்றி விசாரிக்க அவளே அனந்தபுரத்துக்கு பஸ் ஏறக் கிளம்பினாள். தாய்மாமன் செய்ய வேண்டிய வேலை அது. பஸ் ஸ்டாண்டுக்கு ஓடிப்போய், நானும் வரட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம். நீ கடைய பாரு" என்றாள்.